ஏழு விரல்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியால எம்ஆர்டி ரயில் ஏறுனேன். எதிர்ல சேலை கட்டுன ஒரு அம்மா, தலையில ஸ்கார்ஃப், மணிக்கட்டுல ஆஸ்பத்திரி பட்டி இன்னும் வெட்டாம அப்படியே. பக்கத்துல மகன், 40 வயசு இருக்கும், சட்டை பட்டன் கழுத்து வரைக்கும்.

ஸ்டேஷன் வர வர ஒவ்வொரு விரலா மடக்குறாரு. ஃபேரர் பார்க், பூன் கெங், போத்தோங் பாசிர்...

சிராங்கூன்ல கூட்டம் ஏறவும் எண்ணிக்கை விட்டுப்போச்சு போல, அம்மாவைப் பாக்குறாரு, அவங்க வேணும்னே ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருக்காங்க (அங்க என்னத்த பாக்க, சுரங்கம்தான்).

"ஏழாவது ஹவ்காங், தம்பி. இனிமே தனியா வரணும்ல. கூட வர்றது எனக்கு இதான் கடைசி."

காசுக்கு வழி பண்ணிட்டாங்களாம். சிறப்புத் தேவை உள்ளவங்களுக்காக 2008-ல தொடங்குன ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனி இருக்கே, அதுல போட்டு வச்சா பெத்தவங்க போன பிறகும் புள்ளை செலவுக்கு வந்துரும். விரல் மடக்குறதுக்குத்தான் எந்த ஃபாரமும் இல்ல.

ஹவ்காங். அவரு மட்டும் இறங்குனாரு, பிளாட்ஃபார்ம்ல தங்கச்சி நிக்குது.

கதவு மூடிருச்சு. அம்மா எழுந்திருக்கல. மடியில பாத்தா, ரெண்டு கையிலயும் சேத்து அவங்களும் ஏழு விரல் மடக்கி வச்சிருக்காங்க.