இரண்டு சப்ளை, ஒரு பட்டன்

மார்ச் 4
கம்ப்யூட்டரின் எட்டு ஹார்ட் டிஸ்க்கும் மேஜையில். மூன்றாவதை மட்டும் துணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன். ஃபோன் வரவில்லை.

மார்ச் 5
தூக்கம் வராமல் கணக்கு போட்டேன். ஒரு டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். எட்டும் ஒன்றாகக் கிளம்பினால் 16. அப்புறம் அடங்கிவிடும், ஆனால் அந்தச் சில வினாடிகளை இந்தக் கிழட்டு பவர் சப்ளை தாங்காது. அலமாரியில் இன்னொன்று சும்மா கிடக்கிறது. இதற்கு மதர்போர்டு, அதற்கு டிஸ்க்குகள். இரண்டும் ஒரே பட்டனில் எழ வேண்டும்.

மார்ச் 6
பச்சை வயர். 24 பின் கனெக்டரில் 16ஆவது. சப்ளையே அதை உள்ளிருந்து 5 வோல்ட்டில் ஏற்றி வைத்திருக்கிறது. கறுப்போடு, அதாவது கிரவுண்டோடு, சேர்த்தால் இறங்கும், சப்ளை விழிக்கும். பேப்பர் கிளிப்பை வளைத்துச் செருகினேன், ஃபேன் சுற்றியது. உருவினேன், நின்றது. பத்து தடவையாவது செய்திருப்பேன். வேறு எதுவும் நான் சொன்னபடி கேட்காத வாரம் இது.

மார்ச் 7
இரண்டு பச்சையையும் நேராக முறுக்கிக் கட்டிவிட்டால் என்ன? வேலை செய்யும். ஆனால் முதல் சப்ளை ஏதோ கோளாறில் தானாக அணைந்தால் இரண்டாவது அது தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். ரிலே என்பது உள்ளிருக்கும் காயிலில் மின்சாரம் பாய்ந்தால் மாறும் ஸ்விட்ச். அதைப் போட்டால் முதலாவதின் 12 வோல்ட் வந்த பிறகுதான் இரண்டாவது எழும். முதலாவது போனால் இரண்டாவதும் போகும். எனக்கு ரிலேதான் சரி.

மார்ச் 8
ஃபோன் அடித்தது. ராங் நம்பர்.

மார்ச் 9
12 வோல்ட் ரிலே, ஐந்து கால். காயில் 400 ஓம், மீட்டர் 397 காட்டியது. அப்படியானால் 30 மில்லிஆம்பியர், சப்ளைக்கு அது கொசுக்கடி. முதலாவதின் மோலக்ஸ் என்ற நாலு பின் கனெக்டரிலிருந்து மஞ்சளும் (அதுதான் 12 வோல்ட்) கறுப்பும் காயிலுக்கு. இரண்டாவதின் பச்சையும் கறுப்பும் காண்டாக்ட்டுக்கு. முதல் சால்டர் மங்கலாக உருண்டு நின்றது. உறிஞ்சி எடுத்து மறுபடி வைத்தேன், பளபளவென்று படர்ந்தது. அப்போதுதான் இணைப்பை மூடும் ஷ்ரிங்க் ட்யூபைக் கோர்க்கவில்லை என்று தெரிந்தது. திரும்பவும் கழற்று.

இரவு 2 மணிக்குச் சுவர் ஸ்விட்சைப் போட்டேன். பட்டனைத் தொடக்கூட இல்லை, இரண்டாவது சப்ளை ஓட ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினால் முதலாவது எழுந்தது, இரண்டாவது படுத்துவிட்டது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 10
வேறென்ன, என்.சி. காலில் சால்டர் செய்திருக்கிறேன். ஓய்வில் மூடியிருக்கும் கால் அது. வேண்டியது ஓய்வில் திறந்திருக்கும் என்.ஓ.

ஃபோனை சைலன்ட்டில் வைத்திருக்கவில்லை. மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

மார்ச் 11
கால் மாற்றியாயிற்று. காயிலுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடும் வைத்தேன். ரிலே விடும்போது காயில் எதிர்த்திசையில் ஒரு உதை உதைக்கும், அதை இது வாங்கிக்கொள்ளும். வெள்ளிக் கோடு உள்ள பக்கம் மஞ்சளுக்கு வர வேண்டும். இதை எழுதுகிறேனே, வைத்தது தலைகீழாகத்தான். முதல் சப்ளை இமைக்கும் நேரத்தில் எழுந்து செத்தது. டயோடு விரலைச் சுட்டது. பின்னால் உள்ள ஸ்விட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்ட பிறகுதான் உயிர் வந்தது. இன்றைக்கு இது போதும்.

மார்ச் 12
டிக்.

மார்ச் 13
இரண்டு சப்ளையின் கறுப்பையும் தடித்த வயரால் சேர்த்தேன். டேட்டா கேபிள் வழியாக எப்படியும் சேர்ந்துவிடும், ஆனால் அந்த மெல்லிய கம்பியை நம்பி விட மனமில்லை. மஞ்சளை மஞ்சளோடு சேர்க்கவே மாட்டேன். மீட்டரில் ஒன்று 12.08, மற்றது 11.94. உயர்ந்தது தாழ்ந்ததற்குள் தள்ளப் பார்க்கும்.

நாளைக்கு என்று சொன்னார்கள். போன வாரமும் நாளைக்கு என்றுதான் சொன்னார்கள்.

மார்ச் 14
துணியைப் பிரித்தேன். பட்டன், டிக், அப்புறம் எட்டும் ஒவ்வொன்றாக முனகி ஏறின. ஏழு சீராக. மூன்றாவது இரண்டு முறை தட்டிவிட்டு ஓடத் தொடங்கியது. நான் மூச்சுவிடவே இல்லை. குரல் பதிவுகள் மொத்தமும் அதில்தான். மற்றதெல்லாம் போனாலும் பரவாயில்லை என்று முதலில் அதை மட்டும் காப்பிக்குப் போட்டேன்.

மார்ச் 15
காலை 6 மணி. 61 சதவீதம். ரிலேயைத் தொட்டால் இளஞ்சூடு. உடனே வரச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரை அணைக்கவில்லை.