பின்னால் வந்த நீலம்

"காலியாக விட்டதே யாராவது நிரப்பத்தானே? அன்றைக்கே நிரப்பினால் அழகு, பின்னால் நிரப்பினால் போலியா?" என்று, பழைய நூல் ஒன்றை விற்பதற்காக என்னிடம் மதிப்பீட்டுக்குக் கொண்டுவந்த அந்தம்மா கேட்டார். வாங்குகிறவரிடம் உண்மையை மறைக்க முடியாது என்றேன். பதில் சரிதான், ஆனாலும் மனசு ஆறவில்லை.

வெனிஸில் 1470களில் அச்சான லத்தீன் நூல், அவர் அப்பா விட்டுப்போனது. அத்தியாயம் தொடங்குமிடத்தில் முதலெழுத்துக்கு இடம் விட்டு, அதன் நடுவில் என்ன எழுத்து வரவேண்டும் என்று பொடியாக அச்சிட்டிருந்தார்கள், அப்புறம் ஒருவர் அதைப் பார்த்துச் சிவப்பிலும் நீலத்திலும் கையால் வரைய. அந்தக் காலத்து நீலம் பெரும்பாலும் அசுரைட் என்ற கனிம நிறமி, அதில் செம்பு உண்டு. ஒரு பொருளில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று எக்ஸ் கதிரால் காட்டும் எக்ஸ்ஆர்எஃப் கருவி வைத்துப் பார்த்தால் இதில் செம்பே இல்லை, இரும்புதான் இருந்தது. அப்படியானால் பிரஷ்யன் நீலம், பெர்லினில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதையே விவரக்குறிப்பில் எழுதினேன், மதிப்பீட்டையும் இறக்கினேன்.

இறக்காமல் என்ன செய்வது? ஐரோப்பாவில் எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட முதல் பெரிய நூலான குட்டன்பர்க் பைபிளில் அச்சான ஆண்டு எங்கேயும் கிடையாது. பாரிஸில் தேசிய நூலகத்தில் இருக்கும் ஒரு பிரதியில், வண்ண எழுத்து வேலையை முடித்த, ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்துப் பாதிரியார் ஹைன்ரிஷ் கிரேமர் 1456 ஆகஸ்ட் என்று கையால் குறித்து வைத்தார், அதனால்தான் அச்சு அதற்குள் முடிந்துவிட்டது என்று இன்றைக்கு அடித்துச் சொல்கிறோம். வரைந்த கை அவ்வளவு பெரிய சாட்சி. அதன் காலத்தை மழுப்ப எனக்கு மனம் வராது.

சரி, ஆனால் அதே பைபிளின் முதல் சில பக்கங்களில் தலைப்புகளைச் சிவப்பு மையில் அச்சிட்டுப் பார்த்து, பிறகு அதை விட்டுவிட்டுக் கைவேலைக்கே ஒப்படைத்தார்கள். ஒப்படைத்தவர்கள் கெடு எதுவும் வைக்கவில்லை. அந்தம்மாவின் நூலில் நீலத்துக்கு அடியில் அந்தப் பொடி எழுத்து இன்னமும் தெரிகிறது, நான் பார்த்தவரை ஒன்றிலும் தப்பில்லை. பழசாகக் காட்ட அழுக்கேற்றவுமில்லை. அச்சகம் கேட்ட வேலையை யாரோ ஒருவர் ரொம்பத் தாமதமாக, ஆனால் ஒழுங்காக முடித்திருக்கிறார். அதை வேறு எப்படிப் பார்ப்பது?

அந்தம்மா விற்காமல் எடுத்துப்போய்விட்டார். காலத்தை இனியும் அப்படியே எழுதுவேன், அதில் எனக்குக் குழப்பமில்லை. 'போலி' என்று நான் எங்கேயும் எழுதவுமில்லை, அவர் வாயிலிருந்து வந்ததுதான் அது. ஆனால் நான் இறக்கிய தொகையைப் பார்த்த பிறகுதான் அப்படிக் கேட்டார் என்பதும் ஞாபகத்தில் இருக்கிறது.