மைனஸ் குளிர்லயும் உறையாத கோழித் தண்ணி வாளி, ஒருவழியா செட் ஆயிடுச்சு

போன வாரம் ராத்திரி மைனஸ் 25 ஃபாரன்ஹீட், நம்ம செல்சியஸ் கணக்குல மைனஸ் 32 பக்கம் வருது. விடிஞ்சதும் பூட்ஸை மாட்டிட்டு போய் பார்த்தா வாளில தண்ணி தண்ணியாவே இருக்கு, கோழிங்க வரிசையா நின்னு நிப்பிளை (கொத்தினா தண்ணி விடற குட்டி வால்வு) டிக் டிக்னு கொத்துதுங்க. அமெரிக்கால இந்த மினசோட்டால கோழி வளர்க்கிறவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும். இனி சுடுதண்ணி கெட்டிலோட பனில வழுக்கிட்டு ஓட வேண்டாம்.

கீழ தொங்குற நிப்பிள் இந்த ஊருக்கு சரிப்படாதுங்க, கோழி கொத்தற முள்ளு வெளிய நீட்டிட்டு இருக்கும், ஒரு சொட்டு நின்னாலே உறைஞ்சு அடைச்சுக்கும். பக்கவாட்டுல மாட்டுற நிப்பிள்தான் வேணும், அதுல வால்வு வாளி சுவரை ஒட்டி உள்பக்கம் இருக்கறதால தண்ணியோட சூடு அதுக்கும் கிடைக்குது. ஆனா அதுக்கு ஓட்டை போடறது இருக்கே! சாதா ட்ரில் பிட் போட்டா பிளாஸ்டிக்கை கவ்வி பிச்சு எடுக்குது, ஓட்டை வட்டமாவே வராது, ரப்பர் வாஷர் உக்காராம அழுதுட்டே இருக்கும். ஸ்டெப் பிட் (படிப்படியா அகலமாகற கூம்பு பிட்) போட்டு மெதுவா இறக்கணும், ஓரத்துல நிக்கிற பிசிறை பிளேடால வழிச்சுடணும், நிப்பிளை கையாலதான் முறுக்கணும், ஸ்பேனர் பக்கமே போகாதீங்க. அப்புறம் வாளியை ரொப்பி ராத்திரி முழுக்க அட்டைப்பெட்டி மேல வச்சிருங்க, எந்த நிப்பிள் கசியுதுன்னு காலைல அட்டைல ஈர வட்டம் காட்டிக் கொடுத்துரும். கோடைல சொட்டினா தரை நனையும் அவ்ளோதான், இங்க கீழேருந்து ஐஸ் முளைச்சு நிப்பிளையே வந்து தொட்டுரும்.

வாளிக்குள்ள பறவைத் தொட்டிக்கு போடற டீ-ஐசர், அதாவது தண்ணி உறையாம வைக்கிற ஹீட்டர், பிளாஸ்டிக்கை உருக்காத வகை. பிளக்குக்கு தெர்மோ க்யூப், குளிரைப் பார்த்து தானா வேலை செய்யற பிளக், 35 ஃபாரன்ஹீட்ல ஆன் ஆகி 45ல ஆஃப் ஆயிடும், கரண்ட் பில் தப்பிச்சுது. மூடில ஒரு சின்ன காத்து ஓட்டை கண்டிப்பா வேணும், இல்லன்னா உள்ள வெற்றிடமாகி தண்ணி வராது. ஆன்லைன்ல பேர் தெரியாத ஒரு கடைல வாங்கின நிப்பிள் பாக்கெட்ல பாதிக்கு வாஷரே இல்ல, மெயில் போட்டா பதிலும் இல்ல. பக்கத்து தீவனக் கடைலயே ஒரு டாலர் கூடக் குடுத்து வாங்கிக்கோங்க.

வாளி கூட்டுக்குள்ள இல்ல, கூரை போட்ட ரன்லதான் (கூட்டை ஒட்டி கோழி நடமாடற வேலி போட்ட இடம்) இருக்கு. எச்சத்துல முக்காவாசி தண்ணிதான், மூச்சுலயும் ஈரம், இதுல வாளியும் உள்ள இருந்தா ஜன்னல்ல உறைபனி கோலம் போட்டுரும், அந்த ஈரம்தான் கொண்டைல உறைஞ்சு கறுக்க வைக்குது. கோழி உடம்பு சூடு 41 டிகிரி செல்சியஸ், காய்ஞ்ச இறகு இருந்தா வெறும் குளிரை அது தாங்கும். அதனால ரெண்டு பக்கமும் கூரையடில, கோழி உக்கார்ற கட்டைக்கு மேல காத்துவழியை திறந்தே வச்சிருக்கேன். அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு "வாயில்லா ஜீவனை இப்படி குளிர்ல போட்டிருக்கியேடா, ஒரு பல்பாவது போடக்கூடாதா"ன்னு ஒரே திட்டு. 250 வாட் ஹீட் லாம்ப், கீழ காய்ஞ்ச மரச்சீவல், சுத்தி தூசி, கூடு பத்திக்கிட்டா என்ன பண்றது? நான் மாட்டவே மாட்டேன். வாஸ்லின் தடவறதும் பெருசா உதவற மாதிரி தெரியல, லெகார்ன் சேவலோட அந்தப் பெரிய கொண்டைக்கு தடவிக்கிட்டே இருந்தும் நுனி கறுத்துதான் போச்சு.

அதான் அடுத்து ஷான்டெக்ளேர் வாங்கலாம்னு இருக்கேன். கியூபெக்ல ஓகா மடத்துத் துறவி ஒருத்தர் 1908ல ஆரம்பிச்சு கனடா குளிருக்குன்னே உருவாக்கின இனம், கொண்டை தலையோட ஒட்டி சின்னதா இருக்கும், தாடியும் பேருக்குத்தான், உறையறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. வசந்தத்துல, பொரிஞ்சு ஒரு நாளே ஆன குஞ்சா தபால்லயே வரும், வயித்துல மஞ்சக்கரு மிச்சம் இருக்கறதால மூணு நாள் வரைக்கும் தீனி தண்ணி இல்லாம தாங்கும். நல்ல இனமெல்லாம் சீக்கிரம் தீந்துரும், இந்த மாசமே ஆர்டர் போடணும். அதுக்குள்ள ரெண்டாவது வாளியையும் முடிக்கணும், ஒரு ஓட்டை போட்டதோட நிக்குது, ட்ரில் பேட்டரி கராஜ் குளிர்ல படுத்துருச்சு.