மேகாங் ஆற்றில் இரண்டு நாள்

லாவோஸின் ஹுவாய் சாயில் படகேறினால் லுவாங் பிரபாங் வந்து சேர இரண்டு நாள். சொகுசுக் கப்பலும் உண்டு. விலையைப் பார்த்தோம், மரப்படகே போதும் என்று ஏறிவிட்டோம். இருக்கைகள் பழைய வேனிலிருந்து கழற்றியவை. தரையில் ஆணிகூட அடிக்கவில்லை, நாம் சாய்ந்தால் சீட்டும் சாய்கிறது!

ராத்திரி பாக் பெங்கில் தங்கல். வழியில் மணல்திட்டில் மூக்கை முட்டிப் படகு நின்றது. ஒரு பாட்டி அரிசி மூட்டையும் இரண்டு சேவலுமாக இறங்கிப் போனார். ஊர் எங்கே என்று தேடினால், மேட்டில் மூங்கில் மறைவில் நாலு கூரை.

வழியில் இருக்கும் பாக் ஊ குகைகளில் இந்தப் படகு நிற்காது. மறுநாள் லுவாங் பிரபாங்கிலிருந்து தனிப்படகு பிடித்துப் போனோம். சுண்ணாம்புப் பாறைக்குள் ஆயிரக்கணக்கில் புத்தர் சிலைகள். கை போனது, மூக்கு உடைந்தது, செல்லரித்தது எல்லாம் இருக்கின்றன. பழசான சிலையைத் தூக்கியெறிய மனம் வராமல் காலங்காலமாக இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். லுவாங் பிரபாங்கில் உள்ள 16ஆம் நூற்றாண்டு வாட் சியெங் தோங் கோயிலும் அழகுதான், ஆனால் என் மனசு குகையிலேயே நின்றுவிட்டது.

அப்புறம் சாப்பாடு. ஆற்றுப் பாசியை எள் தூவிக் காயவைத்து அப்பளம் மாதிரி பொரித்துத் தருகிறார்கள். "பாசியா?" என்று முகம் சுளித்த என் மனைவிதான் இரண்டாவது தட்டு கேட்டாள்.