முளைப்பு மழைக்கு முன்

செப்டம்பர் 19
கச்சான், மேற்குக் காற்று, இன்னும் விடவில்லை. மேகம் மேற்கே திரண்டு அங்கேயே கலைகிறது.

செப்டம்பர் 22
கடலோரத்தில் கிணற்று நீர் உவர். நெல்லுக்கு நாற்றங்கால் பேச்சே இல்லை, மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் போடும் புழுதி விதைப்புதான். ஏக்கருக்கு 30 கிலோ போதும் என்பார்கள். எறும்புக்கும் மயிலுக்கும் சேர்த்து 40 போடுவதே சரி. முதலில் வறட்சி தாங்க விதையைக் கடினப்படுத்த வேண்டும். லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு, கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல், 16 மணி நேரம் ஊறல். பிறகு நிழலில் உலர்த்தணும், வெயில் ஆகாது. பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடையணும். நசுங்கினால் ஈரம் போகவில்லை.

செப்டம்பர் 23
கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் சீமைக்கருவை மண்டி அப்படியே கிடக்கிறது.

செப்டம்பர் 27
விதைத்தாயிற்று. அண்ணா 4, பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்து ரகம், நூறு நாள் சொச்சம். வயது கூடிய நெல் தை பிறந்த பிறகும் தண்ணீர் கேட்கும். அப்போது கண்மாயில் சேறுதான் இருக்கும்.

அக்டோபர் 4
ராத்திரி தூறல். பயந்தது இதற்குத்தான். அரைகுறை ஈரத்தில் முளை விட்டு, மறுநாள் வெயில் ஏறினால் அத்தனையும் கருகும். இப்படி நனைவதற்கு நனையாமலே இருக்கலாம். சால் ஓரம் கிளறிப் பார்த்ததில் மேல்மண் ஒரு விரற்கடைதான் நனைந்திருந்தது. அதற்குக் கீழே புழுதி. நெல் நுனியில் வெள்ளை தட்டவில்லை. தப்பித்தது.

அக்டோபர் 5
வெயில்.

அக்டோபர் 9
மறுபடி வரத்துக்கால்தான். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆண்டு மழை சராசரி 827 மில்லிமீட்டர், பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில். அதுவும் சில நாள் கொட்டல். அன்றைக்குக் கண்மாய்க்குள் வராத தண்ணீர் கடலுக்குத்தான். சீமைக்கருவையைத் தரையோடு வெட்டினால் கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும், தூரோடு பெயர்க்கணும். இயந்திரம் வந்து பெயர்த்தது, பெயர்த்த மண்ணைக் கால் நடுவிலேயே குவித்துவிட்டுப் போய்விட்டது. முதல் வெள்ளம் அதைக் கரைத்து மடைவாயில் கொண்டுபோய் அடைக்கும். கரையில் அள்ளிப் போட யாருக்கும் நேரமில்லை!

அக்டோபர் 13
முண்டு மிளகாய்க்கு மேட்டு நிலம் உழுதாயிற்று. வடிகால் முக்கியம். தண்ணீர் கட்டினால் வேர் அழுகும்.

அக்டோபர் 18
கச்சான் நின்றது. கொண்டல், கிழக்குக் காற்று, எடுத்துவிட்டது. பாம்பன் பக்கம் மின்னல்.

அக்டோபர் 20
விடிய விடிய மழை. மணிக்கட்டு வரை கை மண்ணில் இறங்குகிறது. இதுதான் முளைப்பு மழை. இனி வயலில் தண்ணீர் நிற்கக் கூடாது, விதை அழுகிவிடும். தண்ணீர் வடிய வாமடையெல்லாம் திறந்தாச்சு. களைக்கொல்லியை ஈரம் இருக்கும்போதே அடிக்கணும், காய்ந்த மண்ணில் வேலை செய்யாது.

அக்டோபர் 21
வரத்துக்காலில் வெள்ளம் வந்துவிட்டது. மண் குவியலுக்கு மேற்கே தேங்கி நிற்கிறது, இன்னும் ஒரு முழம் ஏறினால் கரை போய்விடும். மண்வெட்டியோடு நாலைந்து பேர் கிளம்புகிறோம்.