ராத்திரி முழிப்பு
ஒரு வயசு தாண்டின குழந்தை ராத்திரி நாலைந்து தடவை எழுந்தா, முதல்ல அது எப்படித் தூங்கப் போச்சுன்னு பாருங்க. சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்கம் லேசாகும். தோள்ல போட்டு ஆட்டித் தூங்க வச்சிருந்தா, கண் திறந்ததும் அந்தத் தோளைத்தான் தேடும். அதனால கண் சொருகும்போதே படுக்கையில விடுங்க. முதல் சில நாள் அழுகை கூடும். நடுவுல மனசு இளகிப் பழையபடி தோள்ல போட்டா, அடுத்த நாள் இன்னும் பலமா அழும்.

சிணுங்கின உடனே தூக்காதீங்க. இரண்டு நிமிஷம் பொறுங்க. பல தடவை அரைத்தூக்கத்துலதான் சிணுங்கும், தானா அடங்கிடும். நாம தூக்கித்தான் எழுப்பி விடறோம்! லைட் போட வேண்டாம்.

களைச்சாத் தூங்கும்னு பகல் தூக்கத்தை வெட்டறது வீண். இரண்டு வயசு வரைக்கும் பகலும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேணும். தினமும் குறட்டை விட்டா டாக்டர்கிட்ட காட்டுங்க.