மார்கழியில் மேல்மலைக்கு

மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய ரெயின்கோட் இறங்கும். பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்யும் குடும்பம் எங்களுடையது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் என்று கொடைக்கானல் மேல்மலை ஊர்களுக்குப் போய், நிலத்தில் நிற்கும் பயிரைப் பார்த்து, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவது அப்பா காலத்திலிருந்தே வழக்கம். பஸ்ஸில் போனால் ஒரு நாளைக்கு ஒரு ஊர்தான். பைக்கில் போனால் மூன்று, நான்கு ஊர்ப் பூண்டுக் காடுகளைச் சுற்றிவிட்டு இருட்டும் முன் மலை இறங்கிவிடலாம். தொழிலுக்காகப் போகிறேன் என்று சொன்னாலும், மார்கழி, தை மாதங்களில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவதைப் போல எனக்குப் பிடித்த வேலை வேறில்லை.

குளிர் என்றதும் எல்லோரும் ஸ்வெட்டரைத் தேடுகிறார்கள். பைக்கில் ஆளை நடுங்க வைப்பது காற்று. 5 டிகிரி குளிரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்துக்கு அது மைனஸ் 1 டிகிரி போல உறைக்கும். எவ்வளவு தடித்த கம்பளியாக இருந்தாலும் காற்று அதன் கண்ணிகளுக்குள் புகுந்து உடம்புச் சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். ரெயின்கோட் பரணிலிருந்து இறங்குவது அதற்காகத்தான். ஸ்வெட்டருக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டால் பாதிக் குளிர் வெளியிலேயே நின்றுவிடும். அப்பா, சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டிப் பழைய பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு போவார். அதைவிடச் சிக்கனமான வழி இன்றைக்கும் இல்லை. கைக்கு, கம்பளிக் கையுறைக்கு மேல் பாத்திரம் தேய்க்க விற்கும் ரப்பர் கையுறையை ஒரு சைஸ் பெரிதாக வாங்கி மாட்டிக்கொள்கிறேன். கழுத்தில் ஒரு பருத்தித் துண்டு, நுனி சட்டைக்குள். ஹெல்மெட் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் மூச்சுக்காற்று படிந்து மங்காது.

விரல்தான் முக்கியம். விரல் மரத்துப்போனால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது கைக்கே தெரியாது. மலைப்பாதையில் அதைவிட ஆபத்து இல்லை. மரக்க ஆரம்பித்தவுடன் நிறுத்திவிடுவேன். ஒரு டீக்கடை, சூடான கண்ணாடி டம்ளரை இரண்டு உள்ளங்கையிலும் பொத்திப் பிடித்தபடி கொஞ்ச நேரம். டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை, விரல் மடங்கி நீண்ட பிறகுதான் அடுத்த வளைவு.

பெரியகுளத்திலிருந்து தேவதானப்பட்டி வழியாகக் காட்ரோடு. அங்கேதான் ஏற்றம் தொடங்குகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. பெரியகுளம் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100 மீட்டர். வீட்டு வாசலில் இதமாக இருந்த காற்று மேலே போகும்போது பதினோரு, பன்னிரண்டு டிகிரி இறங்கியிருக்கும். டம் டம் பாறையில் நின்றால் எதிர்மலையில் எலிவால் அருவி, கீழே மஞ்சளாறு அணை. ஊத்து, பண்ணைக்காடு பிரிவு, பெருமாள்மலை என்று ஏற ஏறக் குளிர் கூடிக்கொண்டேதான் போக வேண்டும். ஆனால் காற்றில்லாத, மேகமில்லாத இரவுக்குப் பின் வரும் விடியலில் கணக்கு மாறும். தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது; குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்குகிறது. சாலை ஒரு ஓடைப் பள்ளத்தில் இறங்கும் இடத்தில் திடீரென்று முழங்காலைக் குளிர் கவ்வும். மறுபக்கம் ஏறினால் விட்டுவிடும். காருக்குள் உட்கார்ந்து போகிறவருக்கு இது தெரியவே தெரியாது. பைக்கில் போகிறவன் மலையின் மேடு பள்ளத்தைத் தோலாலேயே படித்துக்கொண்டு போகலாம்.

வண்டியும் உயரத்தையும் குளிரையும் உணரும். 2,100 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டர் கார்புரேட்டர் வண்டி. மேலே போகப் போகக் காற்று போதாமல், பெட்ரோல் மிஞ்சி, இழுவை குறையும். காலையில் கிளப்ப சோக் இழுக்க வேண்டும். இப்போது நான் வைத்திருக்கும் பிஎஸ்6 வண்டியில் சென்சாரே அளந்து பெட்ரோல் விடுகிறது. டயர் காற்றை மட்டும் மேலே ஒரு முறை பார்ப்பது நல்லது, குளிரில் அது தானாகவே கொஞ்சம் குறையும். வெயில் படாத வளைவுகளில் பனி ஈரமும் பைன் ஊசிகளும் சேர்ந்து கிடக்கும்; அங்கே முன் பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். மூடுபனிக்குள் காட்டுமாடு நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள். நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அது போகும்வரை நில்லுங்கள். அதன் பாதையில்தான் நாம் போய்க்கொண்டிருக்கிறோம்.

கொடைக்கானல் ஏரிக்கு ஏழு மணிக்கு முன்னால் போய்விட வேண்டும். நடைபாதைக் கடைகள் தார்ப்பாய் மூடிக் கிடக்கும், படகுகள் கட்டியிருக்கும். நீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் ஏரி முழுக்க ஆவி எழும்பும். கரையோரப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்; பள்ளத்தில் குளிர் தேங்கும் என்று சொன்னேனே, அதுதான். அந்நேரம் ஏரியைச் சுற்றி நடப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். பால்காரர், ஓட்டல் வேலைக்குப் போகும் பெண்கள், குதிரைக்குப் புல் கொண்டுவரும் பையன்கள். ஒன்பது மணிக்கு இதே சாலையில் வண்டியை நகர்த்த முடியாது.

இந்த ஏரியே மனிதர் செய்ததுதான். மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி உண்டாக்கியது. ஏறக்குறைய 60 ஏக்கர், சுற்றி வர 5 கிலோமீட்டர். அதற்கு முன்பே, 1845-இல், சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்து அமெரிக்க மிஷனரிகள் இங்கே வந்து வீடு கட்டியிருந்தார்கள். மோட்டார் போகும் சாலை வருவதற்கு முன்னால் பெரியகுளத்துப் பக்கத்திலிருந்துதான் ஏறினார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் அவர்களை நாற்காலியிலும் டோலியிலும் தூக்கிச் சுமந்தார்கள். இன்று நான் விரல் மரத்து ஏறுகிற குளிரில் அந்தச் சுமைகாரர்கள் வெறுங்காலோடு ஏறியிருப்பார்கள். கொடைக்கானல் வரலாறு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் அவர்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

2011 கணக்கெடுப்பில் இந்த நகராட்சியில் 36,501 பேர். சீசன் வந்தால் அவர்கள் தங்கள் ஊரிலேயே ஓரமாக ஒதுங்கி நடக்கிறார்கள். சரிவுகளில் அடுக்கடுக்காக லாட்ஜுகள் எழுந்தன, விதி மீறிய கட்டடங்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவால் சீல் வைக்க வேண்டிய நிலை வந்தது. வெள்ளி அருவியில் நின்று போட்டோ எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அங்கே விழுவது இந்த ஏரியிலிருந்து வழிந்து வரும் நீர். ஏரியில் கலப்பதெல்லாம் அங்கேயும் விழும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடை சீசனில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். இதை எதிர்த்துக் கடைக்காரர்கள் பேசியதை நான் கேட்டிருக்கிறேன், அவர்கள் கஷ்டம் உண்மை. ஆனாலும் அது நல்ல உத்தரவு என்றே நான் நினைக்கிறேன். ஒரு மலைக்கு எவ்வளவு தாங்கும் என்று யாராவது எண்ணித்தான் ஆக வேண்டும்.

என் மனசில் உறுத்துவது அதற்கும் மேலே இருக்கிற ஊர்கள். சூரியனை நூறு வருஷத்துக்கும் மேலாகப் படமெடுத்துக்கொண்டிருக்கும் வானாய்வுக்கூடத்தைத் தாண்டிப் போனால் மேல்மலைச் சாலை. 18 கிலோமீட்டரில் பூம்பாறை. வளைவில் திரும்பியதும் மொத்த ஊரும் படிக்கட்டு வயல்களோடு கீழே விரியும். குழந்தை வேலப்பர் கோயில் இங்கேதான், மூலவர் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது ஊரின் நம்பிக்கை. எனக்கு வேலப்பரும் முக்கியம், பூண்டும் முக்கியம். மலைப்பூண்டு பல் சிறுசு, காரம் அதிகம், நாள்பட வைத்தாலும் கெடாது. அறுவடை செய்து கட்டுக் கட்டாகக் கட்டி, வீட்டுக்குள் புகை படும்படி தொங்கவிடுவார்கள். பூம்பாறையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது அந்தப் புகையும் பூண்டும் சேர்ந்த வாசனைதான். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அதற்காக முயற்சி எடுத்தது. அன்றைக்கு எங்கள் கடையில் எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தார் அப்பா.

குறியீடு கிடைத்த பூண்டுக்கு நிலம் வேண்டுமே. சாலையோரமாக, காட்சி நன்றாகத் தெரியும் வயல்தான் முதலில் கைமாறுகிறது. பூண்டு நின்ற படிக்கட்டில் கூடாரம், அதற்கு அடுத்த படிக்கட்டில் முக்கோண மரவீடு, அதற்கு அடுத்ததில் வண்டி நிறுத்த மண் நிரவிய தளம். பல வருஷமாக எங்களுக்குப் பூண்டு கொடுத்துவந்த அக்கா ஒருவரிடம் போன தையில் கேட்டேன்.

“தம்பி, பூண்டு நாலு மாசம் குனிஞ்சு நிமிந்து பாக்கணும். ஒரு ராத்திரி பனி பொசுக்குனா போச்சு. டென்ட்டு போட்டா சனி ஞாயிறு காசு கைல வருது. என் மகன் என்னைய மாதிரி குனியணுமா?”

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு வாய் வரவில்லை. பூண்டு விலை இறங்கும்போது நாங்களும் குறைத்துத்தான் கேட்கிறோம். விவசாயிக்கு நிலையான விலை இல்லாத இடத்தில் நிலத்தைக் காப்பாற்று என்று சொல்ல வியாபாரிக்கு உரிமை இருக்கிறதா என்று அன்று வண்டி ஓட்டிக்கொண்டே யோசித்தேன். ஆனால் படிக்கட்டு வயல் என்பது மலைச் சரிவைப் பிடித்து நிறுத்தும் கட்டுமானம் என்பதும் உண்மை. பயிர் இருக்கும்வரை வருஷா வருஷம் வரப்பைச் சரிபார்ப்பார்கள், கல் சரிந்தால் எடுத்து வைப்பார்கள். கான்கிரீட் போட்ட பிறகு மேல் வரப்பைப் பார்க்க யாரும் வருவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டதைப் பார்த்தவர்களுக்கு இந்த மலை எவ்வளவு பிடிப்பில்லாதது என்று சொல்ல வேண்டியதில்லை.

மன்னவனூர் இன்னும் கொஞ்சம் தள்ளி. புல்மேடுகள், நடுவில் ஏரி, அதன் பக்கத்தில் மத்திய செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை. 1965 முதல் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகள் காலை வெயிலில் மேய வரும்போது அவற்றின் முதுகிலிருந்தும் ஆவி எழும். வனத்துறை இங்கே பரிசல் விடுகிறது, வருமானம் ஊராருக்கும் வேலையாகக் கிடைக்கிறது, அதை நான் வரவேற்கிறேன். ஏரிக்கரையை வனத்துறை பிடியில் வைத்திருப்பதால்தான் கரையில் இன்னும் கட்டடம் இல்லை. சாலையோரத்தில் அந்தப் பிடி இல்லை. முன்பு நாலு கடை இருந்த இடத்தில் இப்போது ரொட்டி ஆம்லெட்டும் மேகியும் விற்கும் வரிசை. அவற்றின் பின்னால் ஓடை, ஓடைக்குள் காகித டம்ளர்.

இ-பாஸ் கொடைக்கானல் வாசலில் வண்டிகளை எண்ணுகிறது. உள்ளே நுழைந்த வண்டிகளில் எத்தனை மன்னவனூருக்கும் கூக்காலுக்கும் போகின்றன என்பதையும் எண்ண வேண்டும். புது இடம் கட்டாமல், இருக்கிற வீட்டில் ஒரு அறையை விருந்தினருக்குக் கொடுக்கிற விவசாயிக்கு உரிமம் எளிதாகக் கிடைக்க வேண்டும். கழிப்பறை வேண்டும், குப்பையைக் கீழே கொண்டுபோகிற வண்டி வேண்டும். கொடைக்கானலில் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட மாற்றம் மேல்மலையில் இந்தப் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் நடக்கிறது. இப்போது தடுத்தால் முடியும்.

பைக்கில் வரும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சைலென்சரை மாற்றிக்கொண்டு விடியற்காலையில் பூம்பாறைத் தெருவுக்குள் ஓட்டாதீர்கள், மேல்மலையில் மக்கள் சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழுகிறவர்கள், கைக்குழந்தை இருக்கிற வீடுகள் தெருவை ஒட்டியே இருக்கின்றன. வயலுக்குள் இறங்கி போட்டோ எடுக்கும் முன் யாரிடமாவது கேளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மன்னவனூரில் இருக்காதீர்கள். மூடுபனி இறங்கிவிட்டால் பூம்பாறை வளைவுகளில் முன்சக்கரமே தெரியாது. இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக் சூடேறாது.

வருகிற வாரம் கூக்காலுக்குப் போகிறேன். ஏரிக்கு மேலே, சோலைக்காட்டை ஒட்டி ஒரு பெரியவருக்கு நிலம் இருக்கிறது. சென்னையிலிருந்து யாரோ வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார்களாம். இரண்டு போகத்துக்கும் இந்த விலைக்குக் குறையாமல் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். தாளை எழுதியாயிற்று, ரெயின்கோட்டின் உள்பையில் இருக்கிறது. பெரியவர் என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுகிறேன்.